14-2 ஆதரவு இருந்தும் ஃபேப்ரிக்கேட்டரில் (விக்கிமீடியாவின் தொழில்நுட்பக் கோரிக்கைத் தளம்) கோரிக்கை நகரவில்லை என்றால்

மறுபடி வாக்கெடுப்பு வைக்காதீர்கள். புதுப்பயனர் கட்டுரை தொடங்குவதைத் தடுக்க உங்கள் விக்கியில் 14-2 ஆதரவு கிடைத்திருக்கிறது, அது போதும். விக்கிப்பீடியாவில் தலை எண்ணுவதைவிட, எதிர்த்தவர்களின் காரணத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் சிக்கல் இதுதான்: உரையாடல் முறைப்படி முடிக்கப்படாமல் அப்படியே கிடக்கும். உங்கள் மொழி தெரியாத நிரலாளருக்கு முடிவு என்னவென்று புரியாது.

1. வாக்களிக்காத நிர்வாகி ஒருவர் முடிவுரை எழுதியிருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.
2. அந்த முடிவுரையின் இணைப்போடு, எதிர்ப்பின் சாரத்தையும் நாலு வரி ஆங்கிலத்தில் கோரிக்கையில் போடுங்கள். அப்புறம் விக்கித் தள அமைப்பு மாற்றங்களுக்கான 'விக்கிமீடியா சைட் ரிக்வெஸ்ட்ஸ்' குறிச்சொல் கோரிக்கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். இதே தடையை 2011இல் ஆங்கில விக்கிப்பீடியா சமூகமே கேட்டது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மறுத்துவிட்டது. 2017இல் சோதனையாக நடத்திப் பார்த்து, 2018இல்தான் நிரந்தரமாக்கினார்கள். அதனால் நீங்களும் ஆறு மாதச் சோதனையாகவே கேளுங்கள். புதியவர்களை வாசலிலேயே நிறுத்தும் மாற்றம் இது, சோதித்துப் பார்ப்பதுதான் அவர்களுக்கும் நியாயம்.