பேசினில் உறங்கும் பூனை, மணல் தட்டில் படுக்கும் பூனை

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் தமது மூன்று வயதுக் கடுவன் பூனையின் நித்திரைப் பழக்கங்களைக் குறித்துக் கேட்டிருக்கிறார். பகலில் குளியலறைப் பேசினுக்குள் சுருண்டு கிடக்கிறது. இரவில் பிரிட்ஜின் மேல் ஏறிப் படுக்கிறது. கண்களைப் பாதி திறந்தபடி உறங்கும்போது கால்களும் மீசையும் துடிக்கின்றன. விடியற்காலை 4 மணிக்கு வீட்டாரை எழுப்பிவிடுகிறது. இவற்றையெல்லாம் கவலையோடு விவரித்துவிட்டு, கடைசி வரியில், "இப்போது சில நாட்களாகத் தன் மணல் தட்டிலேயே போய்ப் படுக்கிறது, சோம்பல்தானோ?" என்றும் சேர்த்திருக்கிறார்.

அவரைக் கவலைப்படுத்திய பழக்கங்கள் யாவும் இயல்பானவை. போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்னைக் கலங்க வைத்தது. பூனையை உடனே மிருக வைத்தியரிடம் காட்டும்படி அவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். கடுவன் பூனை வளர்க்கும் ஏனையோருக்கும் பயன்படும் என்பதால் இங்கும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கழிக்கும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் பூனை ஒருபோதும் விரும்பி ஒன்றாக்கிக்கொள்ளாது. ஆதலால் மணல் தட்டில் படுக்கும் பூனையைப் பற்றி முதலில் எழவேண்டிய ஐயம் சிறுநீர் அடைப்பு. கடுவன் பூனையின் சிறுநீர் வழி மிக ஒடுங்கியது. சிறுநீர்ப்பையில் அழற்சி ஏற்படும்போது உண்டாகும் சளியும் நுண்ணிய படிகங்களும் திரண்டு அதனை அடைத்துவிடக்கூடும். கழிக்க வேண்டும் என்ற உந்துதல் ஓயாமல் இருப்பதால் பூனை தட்டை விட்டு அகலாமல் அங்கேயே களைத்துப் படுத்துவிடுகிறது. அடைப்பு முழுமையானால் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு குலைகிறது. ஓரிரு நாட்களுக்குள் உயிரே போய்விடலாம். தட்டைத் துப்புரவாக்கிப் புதிய மணலை இட்டு, அது எவ்வளவு நனைகிறது என்று பாருங்கள். தட்டு காய்ந்தே இருந்தாலும், பூனை முக்கிக்கொண்டு துளித்துளியாகக் கழித்தாலும், பின்புறத்தை ஓயாமல் நக்கினாலும், கத்தினாலும், வாந்தி எடுத்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இதனை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டிப் பார்ப்பவர்கள் பலர். அதனால் வீணாவது மிகப் பெறுமதியான நேரம். வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் ஆபத்தானது.

உடல் சுடுகிறது, சோர்ந்து கிடக்கிறது என்று பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கும் வழக்கத்தையும் இந்த இடத்திலேயே கண்டிக்க வேண்டியிருக்கிறது. அந்த மருந்தைப் பாதுகாப்பாகச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. அரைக் குளிசையும் அதன் உயிரைப் பறிக்கக்கூடும்.

சிறுநீர் தடையின்றிப் போகிறது, உணவிலும் குறைவில்லை என்று உறுதியானால், அடுத்ததாக அச்சத்தை நினைக்கலாம். பக்கத்துக் காணியில் புதிய கட்டடத்துக்குத் தூண் இறக்கும் அதிர்வு, வீட்டுக்கு வந்த இன்னொரு பூனை, பண்டிகை நாட்களின் சீனவெடிச் சத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். தன் சொந்த வாடை அழுத்தமாக இருக்கும் இடமே பாதுகாப்பானது என்று பூனை அங்கே ஒதுங்கிவிடும். அது வழக்கமாகப் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் ஓர் அட்டைப் பெட்டியில் இட்டு, தட்டிலிருந்து விலகிய அமைதியான மூலையில் வைத்துக் கொடுங்கள். நீடித்த அச்சமே சிறுநீர்ப்பை அழற்சிக்குத் துணைபோவதால், உலர் தீனியோடு மட்டும் நிறுத்தாமல் உப்புச் சேர்க்காது அவித்த மீனையும் அதன் நீரையும் கொடுத்து வருவது நல்லது.

பேசினைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. 30 முதல் 38 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் பூனையின் உடல் தன் சூட்டைப் பேணத் தனியாக உழைக்கத் தேவையில்லை என்பதால், கொழும்பின் வெயில் நம்மை வாட்டுமளவுக்கு அதனை வாட்டுவதில்லை. ஆயினும் நண்பகற் புழுக்கத்தில் பீங்கானின் குளிர்ச்சி அதற்கு இதமானது. குழிந்த சுவர் நாற்புறமும் உடலைத் தாங்குவதும், நிலத்திலிருந்து உயர்ந்திருப்பதும் மேலதிக வசதிகள். இரவில் மின்விசிறியும் குளிரூட்டியும் ஓடும்போது அதே பூனை இயந்திரத்தின் சூடு பரவும் பிரிட்ஜின் உச்சியைத் தேடிப் போவதில் வியப்பில்லை. பேசினைக் கழுவும் கிருமிநாசினியில் மட்டும் கவனம் தேவை: பீனோல் வகைத் திரவங்கள் பூனைக்கு நஞ்சு, பாதத்தில் ஒட்டியதை அது நக்கி விழுங்கிவிடும். சூடான, மறைவான இடங்களிலும் பூனை புகுந்து உறங்கிவிடும் என்பதால், துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவை மூடி வைப்பதும், தரிப்பிடத்தில் காரை இயக்குமுன் பொனட்டில் தட்டிப் பார்ப்பதும் தொடர்மாடிவாசிகளுக்கு அவசியமான பழக்கங்கள்.

துடிப்பு கனவு நிலைக்குரியது. பிரான்ஸின் லியோன் நகரில் நித்திரை ஆய்வாளர் மிஷெல் ஜூவே 1959இல் இந்த நித்திரைக் கட்டத்தை விவரித்தபோது ஆராய்ந்தது பூனைகளையே. மூளை விழிப்பில் இருப்பதுபோல் இயங்க, மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டை மீறிக் கசியும் சிறு சைகைகளே மீசையிலும் பாதங்களிலும் தெரிகின்றன. மூளைத்தண்டின் அந்தப் பகுதி சிதைக்கப்பட்ட பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைத் துரத்தியதை அவர் கண்டார். வலிப்பு இதிலிருந்து வேறுபட்டது: உடல் முழுவதும் விறைக்கும், வாயில் நுரை வரும், சிறுநீர் பிரியும், கூப்பிட்டாலும் எழாது, எழுந்த பின்பும் சற்று நேரம் தடுமாறும். நாய்களுக்கான உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் இட்ட பிறகு விழித்திருக்கும்போதும் நடுக்கம் கண்டால், அதிலுள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி காரணமாகலாம். அதுவும் அவசர நிலையே. பாதி திறந்த கண்ணில் தெரியும் வெண்படலம் மூன்றாவது இமை. உறக்கத்தில் அது தெரிவது வழமை. நன்றாக விழித்த பின்னும் விலகாமல் நின்றால் கண்ணிலோ உடலிலோ ஏதோ நோய் இருக்கக்கூடும்.

பூனை அயர்ந்து உறங்கும்போது மூச்சையும் எண்ணிப் பழகுங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். பல நாட்கள் அதற்கு மேல் போனால் நெஞ்சறையைப் பரிசோதிப்பது அவசியம்.

எஞ்சியிருப்பது 4 மணி விழிப்பு. வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை துண்டு துண்டாக உறங்கி, வைகறையிலும் அந்தியிலும் வேட்டைக்கு எழும் இயல்புடையது. கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 6 மணியளவிலேயே உதிப்பதால் பருவம் மாறும்போது இந்தப் பழக்கம் தானாக விலகும் என்று எதிர்பார்க்க இயலாது. பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென இரவில் அலறத் தொடங்கி மெலிந்தும் போனால் தைரொய்ட், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும்; மூன்று வயதுப் பூனைக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் கயிற்றையோ பந்தையோ காட்டி அதனை நன்றாக ஓடவிட்டு, அதன் பின்னர் நாளின் பெரிய உணவைக் கொடுங்கள். வைகறையில் அது கத்தும்போது எழுந்து தீனி போடுவதுதான் பழக்கத்தை வேரூன்றச் செய்வது. கவனிக்காமல் விட்டால் முதலில் சத்தம் கூடவே செய்யும். அந்த நாட்களில் வீட்டில் ஒருவராவது இரங்கி எழுந்துவிட்டால், அடுத்த முறை அது இன்னும் நீண்ட நேரம் கத்திப் பார்க்கும்.