லிங்க், மெனு, பட்டன்: குன்னூரிலிருந்து சில பதில்கள்

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன் அக்கா. எங்கள் இணையதளத்தில் நாலு இடத்தில் ‘இங்கே கிளிக் செய்யவும்’ இருந்தும், இ-பாஸ் எங்கே எடுப்பது என்று தினமும் போன் வருகிறது.

நாலுக்கும் ஒரே பெயர் இருந்தால் எதை அழுத்துவார்கள்? 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், உங்களிடம் வருகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான். ‘கொடைக்கானல் இ-பாஸ் எடுக்க (அரசுத் தளம்)’ என்று லிங்க்கிலேயே எழுதி மேலே வையுங்கள். பார்வையற்றவர்கள் பலர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் லிங்க்குகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள், உங்கள் தளத்தில் அவர்கள் காதில் விழுவது ‘இங்கே, இங்கே, இங்கே, இங்கே’ மட்டும்தான், அதை நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அப்புறம், கட்டண விவரம் பிடிஎஃப் என்றால் ‘பிடிஎஃப், 4 எம்பி’ என்று லிங்க்கை ஒட்டியே போடுங்கள். மலையில் பாதி இடத்தில் சிக்னல் ஒரு கோடுதான்.

கோத்தகிரியில் தேயிலைத்தூள் விற்கிறோம். அடிக்கோட்டை எடுத்துவிட்டு லிங்க்குக்குப் பச்சை நிறம் மட்டும் கொடுக்கலாமா?

பத்திக்கு நடுவில் வருகிற லிங்க்கில் எடுக்காதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்குக் கரும்பச்சை கறுப்பு மாதிரியே தெரியலாம். மெனுவில் அடிக்கோடு தேவையில்லை, அது மெனு என்று இருக்கும் இடமே சொல்லிவிடும். வெளிர்பச்சையும் வேண்டாம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டி.

நான் ஊட்டியில் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்குப் பஸ் நேரம் பார்க்கும் ஆப் செய்தேன். நாலு பக்கம்தான், எல்லாவற்றையும் மூணு கோட்டு மெனுவுக்குள் வைத்துவிட்டேன். சரியா அக்கா?

நாலே நாலை எதற்குத் தம்பி ஒளித்து வைக்கிறாய்? கீழ்ப்பட்டையில் பெயரோடு வை, வெறும் ஐகான் போதாது. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது தனித்துத் தெரியட்டும். தொடும் இடம் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு) இருக்கவேண்டும். போன ஜனவரியில் காலை ஆறு மணிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா, விரல் விறைத்துப்போய், டிக்கெட் ஆப்பில் ‘தொடர்க’வை அழுத்தப்போய் ஒட்டியிருந்த ‘ரத்து’ மேல் இரண்டு முறை கை பட்டு, மூன்றாவது முறை போனை என்னிடம் நீட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, இரண்டு பட்டனுக்கும் நடுவில் இடைவெளியே விடவில்லை. நீ விடு.

எல்லா லிங்க்கும் புது டேபில் திறக்கலாமா?

வேண்டாம். பின்செல்லும் பட்டன் வேலை செய்யாமல் போய்விடும். பாதி நிரப்பிய படிவத்திலிருந்து விதிமுறைகளைப் பார்க்கப் போகிறார் என்றால் மட்டும் திறக்கலாம், அதையும் லிங்க்கிலேயே சொல்லிவிட்டு.