கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உயிர்த்தீனி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வீட்டுத் தொட்டியில் கணவாயும் ஆக்டோபஸும் வளர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான்: முட்டை வாங்கியாச்சு, இனி என்ன தீனி கொடுப்பது? எல்லாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் தீனி, அப்புறம்தான் முட்டை. தீனிக்கான உயிர்களை வளர்க்கும் தொட்டி ஒரு மாதமாவது தடுமாறாமல் ஓடட்டும்.

அண்ணா, கணவாய் முட்டை ஆறு வாங்கிவிட்டேன். ஆர்ட்டீமியா பொரிக்கவைத்துக் கொடுத்தால் போதுமா?

போதாது தம்பி. ஆர்ட்டீமியா என்பது உப்புநீரில் வாழும் இறால் போன்ற பொடி உயிர். முட்டையிலிருந்து அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா கணவாய்க் குஞ்சுக்குத் தூசி மாதிரி, பல குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்காது. வளர்ந்த ஆர்ட்டீமியாவைப் பிடித்துத் தின்னும், ஆனால் அதில் சத்து குறைவு, அதை மட்டுமே தின்னும் குஞ்சு தேறாது. அதற்குத் தேவை மைசிட் இறால், அதாவது இறால் மாதிரியே இருக்கும் சின்னக் கடல் உயிர். மைசிட்டை விட்டுப் பாருங்கள்: குஞ்சு அப்படியே நின்று நிறம் மாறும், முன்கைகளை ஒன்றாகக் குவித்து இரையை நோக்கித் திரும்பும், அடுத்த நொடி இரண்டு நீண்ட கைகள் சட்டென்று வெளியே பாய்ந்து இரையை இழுத்துவிடும். பொரித்த முதல் ஓரிரண்டு நாள் உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வைத்தே சமாளிக்கும், அதனால் முதல் நாளே தின்னவில்லை என்று பதற வேண்டாம். ஆனால் அன்றே தீனி கண்ணில் படும்படி இருக்கட்டும். முட்டைக்குள் இருக்கும்போதே அவற்றுக்குக் கண் தெரியும். ஐரோப்பியக் கணவாயை வைத்துச் செய்த ஆய்வில், முட்டைக்குள்ளிருந்து நண்டைப் பார்த்த குஞ்சுகள் பொரித்த பிறகு நண்டையே அதிகம் தேடின.

மைசிட் நூறு விட்டேன், மூன்று வாரத்தில் பதினைந்துதான் மிச்சம். தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றிருக்கும். மைசிட்டுக்குப் பசி தாங்காது, பக்கத்தில் நீந்துகிற குஞ்சைப் பிடித்துத் தின்றுவிடும், அது தன் குஞ்சாகவே இருந்தாலும். புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைக் காலையும் மாலையும் போடுங்கள், எப்போது பார்த்தாலும் தண்ணீரில் கொஞ்சம் ஆர்ட்டீமியா நீந்திக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அளவு. பெண் மைசிட்டை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள், கால்களுக்கு நடுவே ஒரு பை தொங்கும், அதில் குஞ்சுகளின் கண்கள் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் பெண்களைக் கண்ணாடிக் கிண்ணத்தால் மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், குஞ்சு விட்டதும் தாய்களைத் திருப்பி எடுத்துவிடுங்கள். வலை வேண்டாம், அடிபட்டுவிடும். வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் குஞ்சுகளே தாயாகிவிடும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஓர் இரவு மின்சாரம் போய்க் காற்றுக்குழாய் நின்றதில் என் மைசிட் அத்தனையும் விடிவதற்குள் செத்துக் கிடந்தன. கணவாய்க் குஞ்சுகள் பசியோடு கண்ணாடி ஓரம் வந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து மூன்று தொட்டி, மூன்றுக்கும் தனித்தனிக் காற்று.

இவ்வளவு வேலை இல்லாத தீனி எதுவும் இல்லையா?

ஆம்பிபாட், கடற்பாசிக்குள் ஒளிந்து வாழும் இறாலின் உறவான பொடி உயிர். ஒரு வாளி கடல்நீர், ஒரு கைப்பிடி கடற்பாசி, மெல்லிய காற்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி, அவ்வளவுதான். பாசியை எடுத்து உதறினால் பொலபொலவென்று விழும். அடியில் ஒளிந்துகொள்வதால் கணவாயைவிட ஆக்டோபஸ் குஞ்சுக்கு இது அருமையான தீனி, மைசிட் குறையும் நாளில் கணவாய்க்கும் கைகொடுக்கும்.

நன்னீர் இறாலும் தங்கமீனும் சுலபமாகக் கிடைக்கின்றன, கொடுக்கலாமா?

நன்னீர் இறால் அவசரத்துக்கு ஓரிரு நாள் சரி. அதையே பழக்கமாக்காதீர்கள், கடல் உயிரிகளில் இருக்கும் கொழுப்புச் சத்து அதில் போதிய அளவு இருக்காது. தங்கமீன் வேண்டவே வேண்டாம், வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி அதன் உடம்பில் இருக்கிறது. எந்த இரையானாலும் அது முன்பிருந்த தண்ணீரில் தாமிரம் கலந்த மருந்து போட்டார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். தாமிரம் இந்த உயிரினங்களுக்கு விஷம்.

என் ஆக்டோபஸ் நண்டுதான் தின்கிறது. நண்டை வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யலாமா?

முயற்சி வீண். பெரும்பாலான கடல் நண்டுகளின் குஞ்சுகள் பல வாரம் மிதவையாகத் திரிந்து, பலமுறை தோலுரித்த பிறகுதான் நண்டாகும். சிறு நண்டுகளை வாங்கித் தனித்தொட்டியில் ஒளிய இடம் கொடுத்து, இறால் துண்டும் பாசியும் போட்டு நன்றாக வளர்த்துக் கொடுங்கள். நண்டு தின்றதுதான் ஆக்டோபஸுக்குப் போகிறது, பட்டினி கிடந்த நண்டில் ஓடுதான் மிச்சம். தின்று முடித்த ஓடுகளை ஆக்டோபஸ் தன் பொந்து வாசலில் தள்ளிவைக்கும், மறுநாள் அவற்றை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மோனியா ஏறும்.

என் ஆக்டோபஸ் முட்டையிட்டுவிட்டது! குஞ்சுகளுக்கு மைசிட் போடலாமா?

முட்டை அளவைப் பாருங்கள். பெரிய முட்டை இனம் என்றால் குஞ்சு பொரித்ததும் தரையில் ஊர்ந்து ஆம்பிபாட், சின்ன மைசிட் பிடிக்கும், காப்பாற்றலாம். அரிசியைவிடச் சின்னதாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் குஞ்சுகள் மிதவையாகப் போகும். ஆய்வுக்கூடங்களே திணறும் வேலை அது, வீட்டில் நடக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாய் பெரும்பாலும் முட்டையை விட்டு நகராது, தீனியையும் ஒதுக்கிவிடும். வற்புறுத்தாமல் தொட்டியை இருட்டாக, அமைதியாக வைத்திருங்கள்.

உறைந்த தீனிக்கு எப்போது மாற்றலாம்?

கணவாய் உயிருள்ள இறாலைத் தயங்காமல் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் ஆரம்பியுங்கள். உருகவைத்த இறாலை மெல்லிய குச்சியின் நுனியில் வைத்து, நீந்துவதுபோல ஆட்டிக் காட்டுங்கள். அசையாததை அது இரையாகவே மதிக்காது. சில குஞ்சுகள் முதல் நாளே பிடிக்கும், சிலதுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மைசிட் தொட்டியை மூடிவிடாதீர்கள்.