வீட்டு ஓனர் ரிப்பேர் பார்க்க மறுத்தால்… வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தையும், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தையும் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறை சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை வந்தால் ஒழுகுகிறது. ஓனரிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. கடைசியாக, "இஷ்டம் இருந்தா இருங்க, இல்லைனா காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். சரிசெய்யும் வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், வாடகை பாக்கி விழுந்த நாளிலிருந்து வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாமல் விட்டால், உங்களை வெளியேற்றக் கோருவதற்கு அதுவே போதுமான காரணம். பல ஓனர்கள் அதற்காகவே பேசாமல் இருக்கிறார்கள். வாடகையை வங்கி வழியாக, மாதம் தவறாமல் அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அரசு அலுவலர்தான் வாடகை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார்.

சட்டத்துக்கு முன்னால் உயிரைப் பாருங்கள். அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் கட்டிலை இன்றே நகர்த்துங்கள். ஃபேன் கொக்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பிடித்துத்தான் நிற்கிறது. கொக்கியைச் சுற்றி ஓர் அடிக்குள் துருக்கறையோ விரிசலோ இருந்தால் ஃபேனைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனில் சமாளியுங்கள். பிறகு, நீளமான கம்பு ஒன்றால் தள்ளி நின்றபடி சீலிங்கை மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும் இடமெல்லாம் அடுத்து விழப்போகும் இடம். அதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். காரை விழுந்த இடம் 2 அடிதான், பொள்ளல் 6 அடி வரை போகிறது என்று காட்டும் ஒரு படம், பத்து தடவை போனில் பேசுவதைவிடப் பலமானது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஈரம் என்றால் மாடித் தளம், கைப்பிடிச் சுவர் அடிமூலை, அல்லது அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். கோடையிலும் ஈரம் காயவில்லை என்றால் மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியோ அதன் குழாயோதான். இது தெரியாமல் போனால், ஓனர் ஒரு மேஸ்திரியை அனுப்பி சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டு "முடிஞ்சது" என்பார். அடுத்த ஐப்பசி மழையில் அது அப்படியே பெயர்ந்து விழும். காரணம் எளிது: துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. துருவை எடுக்காமல் பூசினால் புதுப்பூச்சையும் அதே போலத் தள்ளிவிடும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். மேலே தளத்தில் ஒழுக்கையும் அடைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பணம் வீண். கம்பியின் கனம் கண்ணுக்கே தெரியும்படி தேய்ந்திருந்தால் மேஸ்திரி போதாது. கட்டடப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.

இனி கடிதம். வாய்வார்த்தை நூறு முறை சொன்னாலும், எழுத்தில் சொல்லாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் எதையும் கேட்கவே இல்லை. நாலு வரி போதும்:

"தங்களுக்குச் சொந்தமான இன்ன முகவரி வீட்டின் படுக்கையறைக் கூரையில் சுமார் 2 அடிக்கு 3 அடி அளவில் காரை விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. மழையில் ஒழுகுகிறது. இன்னின்ன தேதிகளில் தங்களிடம் தெரிவித்தேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படி நானே வேலையை முடித்து, செலவை மாத வாடகையில் கழித்துக்கொள்வேன். படங்கள் இணைப்பு."

இதை ஸ்பீடு போஸ்ட்டில், பெறுபவரின் கையெழுத்து வாங்கும் பதிவு வசதி சேர்த்து அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, நீல டிக் வந்ததும் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

கெடு முடிந்தும் அசையவில்லை என்றால், இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, குறைவானதை ஓனருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம். கழிப்பதில் ஒரு வரம்பு உண்டு: எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 12,000 ரூபாய், செலவு 27,000 ரூபாய் என்றால் மாதம் 6,000 வீதம் நான்கு மாதம், ஐந்தாவது மாதம் 3,000. பலர் தடுமாறும் இடம் இதுதான். 11 மாத ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி என்றால் 18,000-க்கு மேல் உங்களால் கழிக்க முடியாது. மீதி 9,000-க்கு அலைய வேண்டியிருக்கும். ஆகவே பெரிய வேலையில் கை வைக்கும் முன் மீதி மாதங்களை எண்ணிப் பாருங்கள். ரசீது ஒவ்வொன்றிலும் வீட்டு முகவரி இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்பும்போதே "வாடகை 12,000, பழுதுச் செலவுக் கழிவு 6,000, அனுப்பியது 6,000" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அதுவே பாக்கி என்று காட்டப்படும்.

ஒப்பந்தத்தில் பழுது பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் ஒரு முறை படித்துவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அங்கே நீங்களாக ஆள் வைத்து வேலை பார்க்காதீர்கள். சங்கத்தில் பேசி முடிக்க வேண்டியது ஓனர்.

வீடு குடியிருக்கவே லாயக்கில்லாத நிலைக்குப் போய்விட்டால், எழுத்தில் கேட்டும் அவர் மறுத்த பிறகு, 15 நாள் எழுத்துப்பூர்வ முன்னறிவிப்பு கொடுத்து வெளியேறவும் உங்களுக்கு உரிமை உண்டு. "காலி பண்ணுங்க" என்று அவர் சொன்னதற்குப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தக் காலத்துக்குள் வாடகை நீதிமன்றத்தின் ஆணை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது.

கேள்வி: பாத்ரூம் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. "கரண்ட் வேலையெல்லாம் குடியிருக்கறவங்கதான் பார்த்துக்கணும்" என்கிறார் ஓனர். சரிதானா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பாதிதான் சரி. வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர், குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுதல், உள்ளும் வெளியும் உள்ள வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. எனவே கேள்வி, கோளாறு எதில் இருக்கிறது என்பதுதான்.

முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். குளியல் ஒரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லி, கீசர் இணைப்பை முழுக்கப் பிரித்துவிட்டு, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள். கீசரைப் பிரித்ததும் நின்றுவிட்டால் அதன் ஹீட்டிங் எலிமென்ட் ஓட்டையாகிக் கசிகிறது, செலவு உங்களுடையது. அப்போதும் குழாயில் மின்சாரம் இருந்தால் ஈரச்சுவருக்குள் ஓடும் வயரிங்கில் கசிவு, அது ஓனருடையது. ஆனால் கீசர் கசிந்தாலும், எர்த் ஒழுங்காக இருந்தால் ஃபியூஸ் போயிருக்க வேண்டும் அல்லது ட்ரிப் ஆகியிருக்க வேண்டும். ஷாக் உங்கள் கை வரை வந்ததென்றால் எர்த் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது எர்த் குழி காய்ந்து செயலற்றுக் கிடக்கிறது. எர்த் வயரிங்கின் ஒரு பகுதி. அதைச் சரிசெய்வது ஓனர் கடமை. எலெக்ட்ரீஷியனிடம் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கடிதத்தோடு இணையுங்கள். இந்த மாதிரி வேலைக்கு 15 நாள் கெடு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் நியாயமானதே.

நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்து "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் வீட்டிலுள்ள இரும்புப் பொருள் அத்தனையிலும் மின்சாரம் ஏறும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

கேள்வி: ரிப்பேர் கேட்டுக் கடிதம் போட்டதிலிருந்து ஓனர் எங்கள் வீட்டுக்கு மட்டும் மோட்டார் தண்ணீர் விடுவதில்லை.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இது பழுதுப் பிரச்சினையைவிடக் கடுமையானது, தீர்வும் வேகமானது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்றவற்றை ஓனர் தடுத்து நிறுத்துவதை வாடகைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால ஆணை போடலாம். மனுவில் அந்த வார்த்தையை மறக்காமல் கேளுங்கள்: "இடைக்கால ஆணை". தண்ணீர் நின்ற தேதி, நேரம், மற்ற வீடுகளுக்கு வருவதைக் காட்டும் வீடியோ, லாரித் தண்ணீர் வாங்கிய ரசீது ஆகியவற்றைச் சேருங்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரலாம். இந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதும் இதுவும் வேறு வேறு. பதிவில்லாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதில் தடை இருக்கிறது. உங்களிடம் எண் இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மனுவைக் கொடுங்கள். வாடகை அனுப்பிய வங்கிப் பதிவுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 8 லட்சம் கொடுத்து லீஸுக்கு இருக்கிறோம். மாத வாடகை கிடையாது. குழாய் முழுக்கத் துருப்பிடித்து உடைகிறது. எதில் கழிப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கழிக்க வாடகையே இல்லை என்பதுதான் உங்கள் சிக்கல். பத்திரத்தின் தலைப்பைப் படியுங்கள். லீஸ் என்று பேசிக்கொண்டாலும், பல பத்திரங்கள் 'சுவாதீன அடமானம்' அல்லது 'போக்கியம்' என்று எழுதப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் சட்டப்படி அடமானம் பிடித்தவர். வேறு ஏற்பாடு எழுதவில்லை என்றால், சொத்தின் வருமானத்துக்குள் அடங்கும் அவசியப் பழுதுகளைப் பார்ப்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 76-ஆவது பிரிவுப்படி உங்கள் கடமையாகவே ஆகலாம். குத்தகை என்று எழுதியிருந்தால், அதே சட்டத்தின் 108-ஆவது பிரிவின் எஃப் உட்பிரிவு உதவும்: ஓனர் செய்ய வேண்டிய பழுதை, அறிவிப்பு கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நீங்கள் செய்து செலவை வட்டியோடு அவரிடம் வசூலிக்கலாம்.

நடைமுறையில் எளிய வழி, வேலைக்கு முன்பே ஒரு தாளில், "குழாய் மாற்றிய செலவு இவ்வளவு ரூபாயை, லீஸ் தொகையோடு சேர்த்துத் திருப்பித் தருகிறேன்" என்று ஓனரிடம் கையெழுத்து வாங்குவது. ரொக்கம் கொடுக்கத் தயங்கும் ஓனர்கள்கூட இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைத் துண்டு துண்டாக மாற்றாதீர்கள். ஒரு இடத்தைத் திருகும்போது அடுத்த இணைப்பு உடையும். தொட்டியிலிருந்து குழாய் வாய் வரை சி.பி.வி.சி. (ஒருவகை பிளாஸ்டிக்) குழாயாக ஒரே தடவையில் மாற்றுவதற்கு மதிப்பீடு வாங்குங்கள்.

கேள்வி: காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று ஒரு மாத அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார். உடைந்த வாஷ்பேசினுக்கும் பிடித்தம்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: வாஷ்பேசினுக்குப் பிடித்தது சரி, அதன் பழுது இரண்டாம் அட்டவணையில் குடியிருப்பவர் பட்டியலில் வருகிறது, ஆனால் பில் கேளுங்கள். வெள்ளையடிப்பு ஓனர் பட்டியலில் இருக்கிறது. 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்ட்டுக்கு' என்று ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்டிருந்தால் மட்டும் வாதம் பலவீனமாகும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்ஸ் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் தொகையைக் குறிப்பிட்டு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், அதற்கும் அசையாவிட்டால் வாடகை நீதிமன்றம்.