மாமரத்தடியில் காளான் முளைத்தால் மரத்துக்கு ஆபத்தா?

திருகோணமலை வீட்டு மாமரத்தைச் சுற்றிப் பொச்சும் மரத்தூளும் போட்டீர்கள், மழை தொடங்கியதும் கூட்டமாகக் காளான், பிடுங்கினாலும் திரும்ப வருகிறது என்கிறீர்கள். பயப்பட வேண்டாம். நீங்கள் பிடுங்குவது காய் மாதிரி. பூசணத்தின் உடல் மரத்தூளுக்குள் வெள்ளை நூல்களாகப் படர்ந்திருக்கும். கிளறினால் கண்ணுக்கே தெரியும், ஈர மண்வாசமும் அடிக்கும். செத்த மரத்தூளைத்தான் அது உக்க வைக்கிறது, உயிருள்ள வேரை அல்ல. நம் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழை. அதுவரை வந்துகொண்டேதான் இருக்கும். மருந்து அடிப்பது காசுக்குக் கேடு.

ஆனால் தண்டின் அடியிலேயே, பட்டையிலிருந்து தட்டுப்போல, கட்டையாக, செம்பழுப்பில் மினுங்கிக்கொண்டு வந்தால் கதை வேறு. அது கனோடெர்மா என்ற, மரத்தை அழுக வைக்கும் பூசணமாக இருக்கலாம், உள்ளே வேரோ அடிமரமோ அழுகுகிறது என்று அர்த்தம். வீட்டுப் பக்கம் சாய்ந்த மரமென்றால் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மற்றபடி, மரத்தூளைத் தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி, நாலு விரல் உயரத்துக்குமேல் போகாமல் பரப்புங்கள். அப்புறம், கறிக்கு எடுக்கிற யோசனை வேண்டாம்! குடைக்கு அடியில் பச்சை பூக்கிற வெள்ளைக் காளான் ஒன்று உண்டு, வாந்தி பேதிதான். சின்னப் பிள்ளைகள், நாய் இருந்தால் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.