இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டா: பிரைமரைக் குறை சொல்லும் முன்

கேள்வி: ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டில் மறுபடி பிரைமர், பவுடர், குண்டு வைத்துத் தோட்டா நிரப்புவது, பழக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. என்னுடையது போல்ட் ஆக்‌ஷன் .308 ரைஃபிள். கடையில் வாங்கிய தோட்டா எதுவும் இதில் வெடிக்காமல் போனதில்லை. நானே 50 தோட்டா நிரப்பி, அதில் 20 சுட்டேன். 4 முதல் அடியில் வெடிக்கவில்லை. போல்ட் கைப்பிடியைத் தூக்கி இறக்கி மறுபடி சுட்டதும் 3 வெடித்தன, ஒன்று கடைசி வரை வெடிக்கவே இல்லை. பிரைமர் பெட்டியே மோசமா? மீதி 30 தோட்டாவில் பிரைமரை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டால் சரியாகுமா?

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கடைத் தோட்டா ஒழுங்காக வெடிக்கிறது என்றால் ரைஃபிளின் ஃபயரிங் பின்னையும் (பிரைமரை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங்கையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். முதல் அடியில் வெடிக்காதது இரண்டாவது அடியில் வெடிக்கிறது என்றால், பிரைமர் குழியின் அடிவரை இறங்கி உட்காரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். பிரைமர் பெட்டி மோசமாக இருப்பது மிக அபூர்வம்.

ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பிரைமர் என்பது தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியில் உள்ள குழியில் உட்காரும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். உள்ளே அடி பட்டால் தீப்பிடிக்கும் மருந்து, அதன் மேல் ஆன்வில் என்ற கால் வைத்த தகடு. புதுப் பிரைமரைத் திருப்பிப் பாருங்கள், ஆன்வில்லின் கால்கள் கிண்ண விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரைமரைப் பொருத்தும்போது அந்தக் கால்கள் குழியின் தரையில் ஊன்றி, ஆன்வில் மருந்தின் மேல் லேசாக அழுந்த வேண்டும். அப்போதுதான் ஃபயரிங் பின் வந்து அடித்ததும் மருந்து கிண்ணத்துக்கும் ஆன்வில்லுக்கும் நடுவே நசுங்கித் தீப்பிடிக்கும். கால்கள் தரையைத் தொடாமல் தொங்கினால், பின்னின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். நீங்கள் கையால் செய்யாமல் விட்ட வேலையை ஃபயரிங் பின் செய்து முடிக்கிறது, அடுத்த அடியில் தோட்டா வெடிக்கிறது.

சரியாகப் பொருத்திய பிரைமர், கூட்டின் அடிப்பரப்பை விட அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு, அதாவது சுமார் 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உள்ளே இருக்கும். இதை அளக்கக் கருவிகூடத் தேவையில்லை. பிரைமர் பொருத்திய ஒவ்வொரு கூட்டின் அடியிலும் விரல் நுனியை வைத்துத் தேயுங்கள். மெல்லிய பள்ளம் தட்டுப்பட வேண்டும். சமமாக வழுக்கிக்கொண்டு போனாலே சந்தேகம்தான். மேடு தட்டினால் அதை ரைஃபிளில் போடவே கூடாது: போல்ட் மூடும் வேகத்தில் வெடிக்கும் அபாயம் உண்டு, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் செல்ஃப் லோடிங் ரைஃபிளில் இன்னும் அதிகம். பவுடர் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து) போடும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

பிரைமர் ஏன் முழுதாக இறங்காமல் நிற்கிறது? முதல் காரணம் குழியில் படிந்த கரி. நன்றாகச் சுரண்டி எடுங்கள். அடுத்தது ராணுவக் கூடுகள்: அவற்றில் பிரைமர் கழன்று வராமல் இருக்கக் குழியின் விளிம்பைச் சுற்றி நசுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கலைச் சீவி எடுக்காமல் புதுப் பிரைமரைப் பொருத்தினால் அது பாதியில் சிக்கும், அல்லது கோணும். மூன்றாவது, உங்கள் கை. ரீலோடிங் செய்யும் பெரிய பிரஸ்ஸின் நெம்புகோலில் பிரைமர் தரை தொட்டதைக் கை உணராது, ஆரம்பத்தில் பலரும் பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். தொடங்குகிறவர்கள் கையில் பிடித்து அழுத்தும் பிரைமிங் டூல் வாங்குவதே நல்லது என்பேன். முதலில் குழிக்குள் நுழையும் இறுக்கம் தெரியும், அப்புறம் தரையில் ஊன்றுவது விரலுக்கே தெரியும். அதற்கு மேலும் பலத்தைக் காட்டி நசுக்கினால் உள்ளே மருந்து நொறுங்கும், அதனாலும் வெடிக்காமல் போகலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால் அடுத்த சந்தேகம் சைசிங் டை, அதாவது சுட்டு விரிந்த கூட்டை மறுபடி அளவுக்கு இறுக்கும் அச்சு. டையைத் தேவைக்கு மேல் இறக்கி வைத்தால் கூட்டின் தோள் (கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) அதிகம் பின்னுக்குப் போய்விடும். அப்போது தோட்டா அறைக்குள் முன்னே நழுவ இடம் கிடைக்கும், ஃபயரிங் பின் எட்டிப் போய்ப் பலவீனமாக அடிக்கும். வெடிக்காத பிரைமரில் உள்ள பள்ளத்தைக் கடைத் தோட்டாவின் பிரைமரில் விழுந்த பள்ளத்தோடு வைத்துப் பாருங்கள். ஆழம் குறைவாக இருந்தால், சுட்ட கூட்டையும் சைஸ் செய்த கூட்டையும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (கூட்டின் அடியிலிருந்து தோள் வரை உள்ள நீளத்தை அளக்க உதவுவது) வைத்துக் காலிப்பரில் அளந்துவிடுங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்குத் தோள் 0.05 மி.மீ. பின்னுக்குப் போனால் போதும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. இப்படிச் சைஸ் செய்துகொண்டே போனால் கூடு அடிப்பக்கத்தில் மெலிந்து, ஒரு நாள் அறைக்குள்ளேயே இரண்டாகப் பிய்யும். சுட்ட கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள்.

பெட்டியின் லேபிளையும் ஒரு தடவை பாருங்கள். லார்ஜ் பிஸ்டல் பிரைமரும் லார்ஜ் ரைஃபிள் பிரைமரும் ஒரே விட்டம், 0.210 அங்குலம். ஆனால் பிஸ்டல் பிரைமர் உயரம் குறைவு. ரைஃபிள் குழியில் அது ஆழமாகப் போய் உட்காரும், கிண்ணத் தகடும் மெல்லியது. ரைஃபிள் அழுத்தத்தை அது தாங்காது.

கடைசி வரை வெடிக்காத அந்த ஒன்று? எண்ணெய் பட்டிருக்கலாம், ஈரக் கூடு முழுதாகக் காயாமல் இருந்திருக்கலாம், ஆன்வில்லே இல்லாமலும் இருக்கலாம். தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். சைசிங் லூப் (கூட்டை டையில் விடும் முன் பூசும் மசகு) தொட்ட விரலால் பிரைமரை எடுக்காதீர்கள்.

இனி, சுடும் இடத்தில். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. சுடுதளத்தில் அதற்கு மேல் காக்கச் சொன்னால் அதுவே விதி. ஆனால் "டப்" என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்து, தோளில் உதைப்பு இல்லாமல் போனால் அது வேறு கதை. பிரைமர் வெடித்திருக்கிறது, பவுடர் எரியவில்லை அல்லது கூட்டில் பவுடரே இல்லை. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். காத்திருந்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடவே கூடாது. அந்த அடைப்பின் மேல் இன்னொரு குண்டு போனால் குழல் வெடிக்கும்.

மீதி 30 தோட்டாவுக்கு வருகிறேன். அழுத்திவிடலாமா என்றால், கூடவே கூடாது. பவுடரும் குண்டும் உள்ளே இருக்கும் தோட்டாவின் பிரைமரை அழுத்துவது, கையில் பிடித்துக்கொண்டே அதை வெடிக்க வைப்பதற்குச் சமம். புல்லட் புல்லரால் குண்டைக் கழற்றி, பவுடரைக் கொட்டிவிடுங்கள். காலிக் கூட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிரைமர் மேடாகவோ சமமாகவோ இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு டீபிரைமிங் டையில் மெல்ல, அடிக்காமல், வெளியே தள்ளுங்கள். குழியைச் சுத்தம் செய்து புதுப் பிரைமர் வையுங்கள். முதலில் 5 மட்டும் நிரப்பிச் சுட்டுப் பாருங்கள். அந்த ஐந்தும் முதல் அடியிலேயே வெடித்தால் மற்றதை நிரப்பலாம். மறுபடி ஒன்று வெடிக்கவில்லை என்றால் அடுத்து டையை அளக்க வேண்டியதுதான்.