விண்டோஸ் 11: புது வீடா, புதுச் சுண்ணாம்பா?

கேள்வி: ஆறு வருடமாக விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். டைப்பிங், இணையம், கொஞ்சம் கணக்கு வழக்கு, அவ்வளவுதான் வேலை. 11-க்கு மாறச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. அதில் நிஜமாகவே புதிதாக ஏதாவது இருக்கிறதா, இல்லை பழைய சுவருக்குப் புதுச் சுண்ணாம்பா?

பதில்: பெரும்பாலும் சுண்ணாம்புதான். விண்டோஸ் 11 கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தால், முதல் வரியில் பதிப்பு எண் 10.0 என்றுதான் தொடங்கும். பெயர்தான் 11. உள்ளே இருக்கும் கெர்னல், அதாவது எல்லாவற்றையும் இயக்கும் மையப் பகுதி, 10-இன் தொடர்ச்சி. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது கதையே வேறு. அதுவரை டாஸ் என்ற பழைய இயங்குதளத்தை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கணினிகளுக்கு, அலுவலகங்களில் ஓடிய விண்டோஸ் என்.டி.யின் அடித்தளத்தை அது கொண்டுவந்தது. ஒரு புரோகிராம் தொங்கினால் மொத்தக் கணினியும் படுத்துவிடுவது அதன்பிறகுதான் குறைந்தது. 2021 அக்டோபரில் வெளியான 11-இல் அந்த அளவு மாற்றம் கிடையாது.

கண்ணுக்குத் தெரிவது: நடுவுக்கு வந்த ஸ்டார்ட் பட்டன், வளைந்த மூலைகள். விண்டோவைப் பெரிதாக்கும் பட்டன்மேல் மவுஸை வைத்தால், திரையை எப்படிப் பிரிக்கலாம் என்று கட்டம் காட்டும். எனக்குத் தினமும் உதவுவது இது ஒன்றுதான். வெளியானபோது டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைக்கும் வசதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

கண்ணுக்குத் தெரியாத விஷயம்தான் முக்கியம். கெர்னலுக்குள் நுழையும் டிரைவர் (பிரிண்டர் போன்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நம்பகமானதா என்று சோதிக்கும் வேலையை, விண்டோஸின் மற்ற பகுதிகள் தொட முடியாத தனி அறை ஒன்றில் வைத்துச் செய்ய முடியும். வைரஸ் விண்டோஸுக்குள் புகுந்தாலும் அந்தச் சோதனையை அணைப்பது கடினம். இது 10-இலும் உண்டு, ஆனால் நாமாகத் தேடிப்போய் இயக்க வேண்டும். 11-ஐப் புதிதாக நிறுவினால், பொருத்தமான கணினியில் தானாகவே இயங்கும். பழைய பிராசஸரில் இதனால் வேகம் அடிவாங்கும். 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கறார் காட்டுவதன் பின்னணியில் இப்படிப்பட்ட பாதுகாப்புக் கணக்குகளும் இருக்கின்றன. புதுக் கணினி விற்கும் ஆசையும் இருந்திருக்கும், அதை மறைப்பானேன்.

உங்கள் வேலைக்கு வசதிகளைப் பார்த்து மாற வேண்டியதில்லை. தேதியைப் பாருங்கள். 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு இன்னும் ஒரு வருடம் என்று நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதிலும் சேராமல் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவைத் தாழிடாமல் தூங்குவது மாதிரி.

அப்டேட் பக்கத்திலேயே உங்கள் கணினி 11-க்குத் தகுதியா என்று சொல்லிவிடும். தகுதி என்றால், கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு மாறிவிடுங்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி வழியாக 10-க்கே திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் கைவைத்து பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், திரும்பும் வழி அதில்தான் இருக்கிறது. தகுதி இல்லை என்று வந்தால், குறுக்கு வழியில் 11-ஐத் திணிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதையும் தொடாது.